ஃபிங்கர் சிப்ஸ் ராமானுஜம்

அநியாயம் இழைக்கப்பட்டது ஸ்ரீலக்ஷ்மிக்கு. இழைத்தவர் அவளுடைய கணவர் ராமானுஜம். இடம், தேனாம்பேட்டையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸின் மூன்றாவது மாடி. நேரம், மதியம் ஒன்று பத்து. ஆயுதம், ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை சொல்லப்பட்ட வேளையில் ஸ்ரீலக்ஷ்மி ராஜா அண்ணாமலைபுரத்து ஃப்ளாட்டின் மொட்டை மாடியில் அவருடைய வேஷ்டியைக் கொடியில் போட்டு க்ளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். பெரிய அநியாயங்கள் எல்லாமே இப்படித்தான். பாதிக்கப்பட்டவர் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து நடக்கும்.

நடந்தது இது. ராமானுஜம் டிபன் டப்பாவின் மேல்தட்டைத் திறந்தார். உள்ளே விரல் விரலாக உருளைக்கிழங்கு. பொன்னிறம், ஓரத்தில் மட்டும் லேசான செம்மை, மேலே மிளகாய்த்தூளும் மிளகும் சீரகமும் மார்கழிப் பனி மாதிரி படிந்து கிடந்தன. கீழ்த்தட்டில் தொட்டுக்கொள்ள, வெள்ளையும் பச்சையுமாகக் கெட்டித் தயிர்ச் சட்னி. டப்பாவின் மூடி மேஜையைத் தொடுவதற்குள் வாசனை அடுத்த செக்‌ஷனுக்குப் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"எந்த ஹோட்டல் ராமானுஜம் இது?" என்றார் டெபுடி மேனேஜர் ஹனீஃபா. கேட்டு முடிப்பதற்குள் மூன்று விரல்களைத் தின்றிருந்தார்.

"ஹோட்டல் இல்லை ஸார். ஆத்துல, ஓவன்ல பண்ணினது. அரை கிலோவுக்கு ரெண்டு ஸ்பூன் எண்ணெய்தான்."

"எண்ணெய்ல போடாம இவ்வளவு மொறுமொறுப்பா? கதை விடாதீங்க."

"யாரு ஸார் பண்ணினது?" என்று கேட்டாள் டைப்பிஸ்ட் மீனாட்சி.

இந்த இடத்தில் ராமானுஜத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கனவு காண்பவர். அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு காண்பவர். தேனாம்பேட்டையில் இறங்க வேண்டிய மனிதர் ஜன்னலோரக் கனவில் நந்தனம் வரை போய்த் திரும்பி வருவது வாரத்துக்கு ஒரு தடவை உண்டு. மீனாட்சி கேட்ட கேள்வி அவர் காதில் விழுந்தது. ஐந்து முகங்கள் அவரையே பார்ப்பது கண்ணில் பட்டது. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அது சுற்றச் சுற்ற ஆபீஸ் கரைந்து ஒரு மேடை ஆயிற்று. மேடையில் ராமானுஜம். கழுத்தில் மாலை. மாலையில் பூவுக்குப் பதில் ஃபிங்கர் சிப்ஸ், நெருக்கமாகத் தொடுத்தது. கீழே ஆயிரம் பேர். ஆயிரம் பேரும் மென்றுகொண்டிருந்தார்கள். அந்த மென்மையான சத்தத்தில் மிதந்தபடியே அவர் வாய் திறந்தது.

"நான்தான்."

அதுதான் அந்த வார்த்தை.

"நீங்களா?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்கறது."

"எங்க வீட்டுக்காரர் தண்ணிகூட தானா எடுத்துக் குடிக்க மாட்டார் ஸார்," என்று பெருமூச்சு விட்டாள் மீனாட்சி. "உங்க ஒய்ஃப் போன ஜன்மத்துல என்ன பண்ணினாங்களோ."

போன ஜன்மத்தில் ஸ்ரீலக்ஷ்மி என்ன பண்ணினாள் என்பது தெரியாது. இந்த ஜன்மத்தில் அந்த ஃபிங்கர் சிப்ஸைப் பண்ணினாள்.

சரி, வாதத்துக்காக ராமானுஜத்தின் கட்சியையும் கேட்டுவிடலாம். எதிர்க்கட்சியைப் பேச விடாமல் தீர்ப்பு எழுதுவது நமக்கு அழகில்லை.

அந்த ஓவன் ஸ்ரீலக்ஷ்மியின் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. அதற்குரிய பெரிய பிளக் அந்த வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. ஹாலில், ராமானுஜத்தின் ஈஸிசேருக்குப் பக்கத்துச் சுவரில். இன்னொரு வசதியும் அதில் இருந்தது. அந்த வீட்டுச் சமையலறைக்குள் பூண்டு வராது. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் ஒரு பல்கூட வாசற்படி தாண்டியதில்லை. ஆனால் ஹால் பொது இடம். ஆகவே பூண்டு வெளியிலிருந்து ஹாலுக்கு வரும், ஓவனில் சுடப்படும், ஹாலிலேயே தனிக் கிண்ணத்தில் தயிரோடு கலக்கும், ஹாலிலேயே தின்னப்படும். சாஸ்திரத்துக்கும் நாக்குக்கும் நடந்த எல்லைப் பேச்சுவார்த்தையில் இது ஒரு நல்ல உடன்படிக்கை.

மாலையில் அந்த ஓவனின் கம்பிகள் சிவக்கும்போது கண்ணாடிக்குள் ஒரு சின்ன அஸ்தமனம் நடக்கும். ராமானுஜம் ஈஸிசேரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மணி 'டிங்' என்று அடித்ததும் எழுந்து சுவிட்சை அணைப்பார். ஆகவே, என்பது அவர் கட்சி, இந்தப் பண்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

குக்கர் விசில் அடித்ததும் "விசில் வந்துடுத்து" என்று சொல்பவருக்கும் சாம்பாரில் பங்கு உண்டு என்றால் இதையும் ஒப்புக்கொள்ளலாம்.

எதிர்வாதத்தில் இதையும் பதிவு செய்ய வேண்டும். டாக்டர் ராமானுஜத்தின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு "பொரிச்சது எதுவும் தொடக் கூடாது" என்று சொன்ன நாளில், அவர் சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். ஸ்ரீலக்ஷ்மி அடுத்த இரண்டு மாதம் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டினாள். முதல் பதினோரு தடவை தோற்றாள். பன்னிரண்டாவது தடவை வந்ததுதான் ஹனீஃபா தின்றது. யாருக்காகக் கண்டுபிடித்தாளோ அவரே அதைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். இதற்கு ஒரு பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலாவது நிற்கிறதா அநியாயம்? இல்லை. இதற்கு மூன்று மாதம் முன்பே, ஜனவரியில், ஆபீஸ் குடும்ப விழா நடந்தது. அதில் ராமானுஜம் பின்வரிசை நாற்காலியில் கச்சேரி கேட்கிற பாவனையில் எங்கேயோ போய்விட்டார். ஸ்ரீலக்ஷ்மியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஹனீஃபாவின் மனைவி அன்வரி பேகம். இரண்டு பேரும் ஓவனைப் பற்றி ஆரம்பித்தார்கள். கச்சேரி முடிந்தது, அவர்கள் முடிக்கவில்லை. அன்வரி பேகம் தி.நகரில் ஒரு மாதர் சங்கத்தில் சமையல் வகுப்பு நடத்துகிறவர்.

"ஊர்ல பாதிப் பேர் வீட்ல ஓவன் இருக்கு. உள்ள அப்பளம் அடுக்கி வச்சிருக்காங்க," என்றார் அவர். "சனிக்கிழமை சாயந்திரம் ஓவன் வகுப்பு ஒண்ணு ஆரம்பிக்கணும்னு ஆசை. கத்துக் கொடுக்க நீங்க வாங்களேன் லக்ஷ்மி. பலகையில உங்க பேரைப் போடுறேன்."

ஸ்ரீலக்ஷ்மிக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பலகை. அதில் தன் பேர். ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில், வெள்ளிக் குடத்தின் அடியில், இவற்றைத் தவிர அவள் பேர் வேறெங்கும் எழுதப்பட்டதில்லை.

மறுநாள் கேட்டாள். "ஏன்னா, ஒருத்தர் சனிக்கிழமை க்ளாஸ் எடுக்கக் கூப்பிடறா. தி.நகர்ல. நாலு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும். போகட்டுமா?"

யார் கூப்பிட்டது என்று ராமானுஜம் கேட்கவில்லை. என்ன க்ளாஸ் என்றும் கேட்கவில்லை. ஈஸிசேரிலிருந்து, கோபம் துளியும் இல்லாமல், மேகத்தைப் பார்த்து ஒருவர் மழை வருமா என்று கேட்பது போல ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ போயிட்டா ராத்திரி சமையல் யார் பண்றது?"

ஸ்ரீலக்ஷ்மிக்குப் பதில் தெரியவில்லை. மாசியில் ஒரு தடவை கேட்டாள், பங்குனியில் ஒரு தடவை கேட்டாள். அதே கேள்வி வந்தது. அந்த நிலையில்தான் சித்திரையில் ஒரு புதன்கிழமை தேனாம்பேட்டையில் அந்த "நான்தான்" விழுந்தது.

வியாழக்கிழமை மாலை ராமானுஜம் வீட்டுக்கு வந்தார். போன வருஷம்தான் வந்த டெலிபோன் அதன் ஸ்டூலில் பூத்தையல் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஸ்ரீலக்ஷ்மி காபியைக் கொடுத்தாள்.

"உங்க டெபுடி மேனேஜர் ஆத்துலேர்ந்து போன் வந்தது," என்றாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"யார் பேசினா?"

"அவர் ஒய்ஃப். நாப்பது நிமிஷம் பேசினோம். நீங்க ஓவன்ல ஃபிங்கர் சிப்ஸ் பண்ணி ஆபீஸையே அசத்திட்டேளாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு பேரும் வராளாம். நீங்க பண்றதை நேர்ல பாக்கணுமாம்."

ராமானுஜம் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழக் காத்திருந்தார். மேலே ஏதோ வீட்டில் யாரோ ஸரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். இடி விழவில்லை.

"நீ... என்ன சொன்னே?"

"வாங்கோன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன சொல்லணும்?"

"இல்லை. ஒண்ணுமில்லை."

"சக்கரை போதுமா?"

"போதும்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் நெஞ்சு கனிந்து, கண்ணில் நீர் திரையிட, சாய்ந்து உட்கார்ந்தார். என்ன ஒரு பெண்மணி. கணவன் சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்ற, தன் உழைப்பையே தத்தம் பண்ணிவிட்டாளே. அந்த நிமிஷமே அவர் கனவில் ஸ்ரீலக்ஷ்மிக்கு ஒரு கோயில் கட்டினார். கோபுரம் எழும்பி, கும்பாபிஷேகமும் நடந்தது. குருக்கள் பிரசாதமாக உருளைக்கிழங்கு கொடுத்தார். ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. நாற்பது நிமிஷத்தில் இரண்டு பெண்கள் "வாங்கோ" என்பதை மட்டுமா பேசியிருப்பார்கள்? அதுவும் ஜனவரியிலேயே யார் சமையல் என்று தெரிந்த அன்வரி பேகத்தோடு?

இனி அவர் கற்றுக்கொள்ள வேண்டும். மனைவியிடம் கேட்கலாம். கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். கோயில் வேறு கட்டியாயிற்று. ஆகவே சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்ததும், அவள் கபாலீஸ்வரர் கோயில் பக்கம் காய் வாங்கப் போன சமயத்தில், அலமாரியிலிருந்து அவளுடைய சமையல் நோட்டை எடுத்தார். பக்கத்தைக் கண்டுபிடித்தார். அதில் இப்படி இருந்தது:

'உருளை அரை கிலோ. வழக்கம்போல். காரம் வழக்கம்போல். ஓவன் நன்றாகச் சூடானதும் இருபது நிமிஷம். திருப்பிப் போட்டு வழக்கம்போல். சட்னிக்குத் தயிர், வழக்கம்போல்.'

ராமானுஜம் நோட்டைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார். வழக்கம் எது என்று எங்கேயும் எழுதவில்லை. பதினெட்டு வருஷமாக அந்த வழக்கத்தைச் சாப்பிட்டவர் அவர். சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. ஹாலிலிருந்து தெரிந்தது தட்டு உள்ளே போவதும் வெளியே வருவதும்தான்.

சரி, நாமே பழகிப் பார்ப்போம் என்று ஓர் உருளைக்கிழங்கையும் கத்தியையும் எடுத்தார். பாத்திரம் தேய்க்க வந்த வேலம்மா சமையலறை வாசலில் நின்று சற்று நேரம் பார்த்தாள்.

"இன்னா சாமி பண்ணிக்கினு கீறே?"

"உருளைக்கிழங்கு நறுக்கறேன்."

"நறுக்கறியா? நான் அது மேல இன்னாவோ கோவம்னு நெனச்சேன்." குந்தி உட்கார்ந்து சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். "அம்மா கையில கெயங்கு பென்சில் மாரி வரும். உன் கையில ஒண்ணு தூணு, ஒண்ணு குச்சி, ஒண்ணு வெரல். பாத்து சாமி, அந்த ஒண்ணு உன்னோட வெரல்."

ராமானுஜம் கத்தியை வைத்துவிட்டு ஈஸிசேருக்குப் போனார். அங்கே எல்லாம் சுலபமாக இருந்தது. கனவில் கிழங்குகள் தாமாகவே தோலை உரித்துக்கொண்டு, வரிசையாகத் தட்டில் ஏறிப் படுத்தன.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. கடல் காற்று அப்போதுதான் திரும்பி ஜன்னல் திரைகளை மெதுவாக உள்ளே தள்ளியது. ஹனீஃபாவும் அன்வரி பேகமும் வந்தார்கள். கையில் ஒரு டஜன் மாம்பழம். ஸ்ரீலக்ஷ்மி மாம்பழத்தை வாங்கி வைத்துவிட்டு, அன்வரி பேகத்தின் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். விருந்தாளி வந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து ராமானுஜம் பார்ப்பது அதுவே முதல் தடவை. என்னவோ வீட்டில் ஒரு தூணைக் காணாத மாதிரி இருந்தது அவருக்கு.

"ஆரம்பிங்கண்ணா," என்றார் அன்வரி பேகம். மடியில் நோட்டு, கையில் பேனா.

ராமானுஜம் சமையலறைக்குள் போனார். போய், வாசல் வழியே தலையை நீட்டினார்.

"லக்ஷ்மி, அந்த..."

"எல்லாம் நீங்க வச்ச எடத்துலதான் இருக்கு," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

அவர் நறுக்கினார். நறுக்கியதைக் குழாயில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டத் தட்டில் குவித்தார். உப்பைத் தாராளமாகப் போட்டார். மிளகாய்த்தூளைப் போட்டார். தட்டோடு ஹாலுக்கு வந்தார்.

"உப்பு முதல்லயே போட்ருவீங்களா?" என்று பணிவாகக் கேட்டார் அன்வரி பேகம்.

"முதல்ல போட்டாத்தான் உள்ள இறங்கும்."

அன்வரி பேகம் நோட்டில் எழுதவில்லை. ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தார். ஸ்ரீலக்ஷ்மி ஜன்னல் திரையைப் பார்த்தாள்.

உப்பை முதலில் போட்டால் கிழங்கு அழும். அதை நறுக்கி அரை மணி பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மாவை இழக்க வைத்து, பழைய வேஷ்டித் துணியில் ஒற்றி ஒற்றி எடுத்து, துளி அரிசி மாவு தூவி, ஒன்றை ஒன்று தொடாமல் பரத்த வேண்டும். உப்பு கடைசியில். 'வழக்கம்போல்' என்றால் இவ்வளவும்.

தட்டை ஓவனுக்குள் தள்ளியாயிற்று. அடுத்தது சட்னி. ஓவனில் சுட்டு வைத்திருந்த பூண்டு, கொத்தமல்லி, பச்சைமிளகாய் எல்லாவற்றையும் தயிரில் போட்டுக் கலக்கினார். கலக்கிவிட்டு, ஆட்காட்டி விரலை விட்டு ஒரு நக்கு நக்கினார்.

ஹாலில் ஒரு விநாடி காற்றுகூட நின்றது. அந்த வீட்டில் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. பெருமாளுக்குக் காட்டாததை யாரும் நாக்கில் வைப்பதில்லை. ஸ்ரீலக்ஷ்மி உப்பைக் கையால் அளப்பாள், வாசனையால் திருத்துவாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனதில்லை. ஜனவரியிலேயே இதை அன்வரி பேகத்திடம் சொல்லியும் இருந்தாள்.

"அண்ணா, உங்க வீட்ல சமைக்கறப்ப ருசி பாக்க மாட்டாங்கன்னு..."

"விருந்தாளிக்குன்னு தனியாப் பண்றப்போ மட்டும் பாப்பார்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "அவ்வளவு அக்கறை."

"அடேயப்பா," என்றார் ஹனீஃபா.

ராமானுஜம் நன்றியோடு மனைவியைப் பார்த்தார். கனவில் கோயிலுக்கு இரண்டாவது பிராகாரம் கட்டத் தொடங்கினார்.

'டிங்' என்றது ஓவன். அவர் சுவிட்சை அணைத்தார். அது ஒன்றைத்தான் அவர் அன்றைக்கு வழக்கம்போல் செய்தார். தட்டை வெளியே இழுத்தார். குவியலாக, வெளுத்து, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கிடந்தன கிழங்குகள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அது நடுவில் மடிந்து வணக்கம் சொன்னது.

இதோ போயிற்று மானம் என்று ராமானுஜத்தின் காது சிவந்தது. திங்கட்கிழமை மதியம் ஒன்று பத்து அவர் கண்முன் வந்தது. மீனாட்சி சிரித்தாள். மூன்றாவது மாடி முழுவதும் சிரித்தது.

"அதை ஆற வச்சுடுங்கோ," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "இது ராத்திரி பொடிமாஸுக்கு. ஓவன் சூடா இருக்கே, வீணாப் போவானேன்னு ஒரு ஈடு சும்மா வேக வச்சுப்பார். அவருக்கு எப்பவுமே அடுத்த வேளை யோசனைதான்."

"ராத்திரிக்கும் இவரேவா?" என்றார் ஹனீஃபா.

"பின்னே? சிப்ஸ் காலம்பறவே நறுக்கித் துடைச்சு ரெடியா வச்சிருக்கார். இருங்கோ, எடுத்துண்டு வரேன்."

உள்ளே போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்தாள். ஒன்றை ஒன்று தொடாமல், பென்சில் பென்சிலாக, காய்ந்து, காரம் பூசி, அணிவகுத்து நின்றன. ஓவனில் வைத்தாள். கம்பிகள் சிவந்தன. கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க அந்த வாசனை. திரைச்சீலை அதை வாங்கிக்கொண்டு அசைந்தது. ராமானுஜம் ஈஸிசேரில் மெல்ல அமர்ந்தார். தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பு பஞ்சுமெத்தை மாதிரி இருந்தது. அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அவரைத் தூக்கித் தூக்கி மேலே வைத்தது. எவ்வளவு உயரம் என்று அவர் கீழே குனிந்து பார்க்கவில்லை.

சிப்ஸ் வந்தது. ஹனீஃபா இரண்டு தடவை தட்டைக் காலி செய்தார். அன்வரி பேகம் சட்னியை வழித்து முடித்துவிட்டு நோட்டை மூடினார்.

"அண்ணா, ஒரு வேண்டுகோள். தி.நகர்ல சனிக்கிழமை சாயந்திரம் ஓவன் வகுப்பு ஆரம்பிக்கறேன். இருபத்தஞ்சு பொம்பளைங்க பேர் கொடுத்திருக்காங்க. நீங்கதான் வந்து சொல்லித் தரணும்."

ராமானுஜம் அந்த இருபத்தைந்து பேரையும் அங்கேயே பார்த்தார். இருபத்தைந்து நோட்டு. இருபத்தைந்து பேனா. உப்பு எப்போது போடுவது என்று இருபத்தைந்து வாய்.

"நா... நானா?"

"ஏன், தயக்கமா?"

"அவருக்குக் கூட்டம்னா கூச்சம்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி மெதுவாக.

மூழ்குகிறவனுக்குக் கிடைத்த கட்டையாக அதைப் பிடித்தார் ராமானுஜம். "ஆமாம், கூச்சம். லக்ஷ்மி வேணா வரட்டுமே. கூடவே இருந்து பாத்திருக்கா. அவளுக்கும் ஓரளவு தெரியும்."

ஓரளவு. சொன்னவர் நாக்கு சுளுக்கிக்கொள்ளவில்லை. பிரபஞ்சத்தில் நியாயம் அவ்வளவு அவசரமாக நடப்பதில்லை.

"எனக்குச் சம்மதம்," என்றார் அன்வரி பேகம். "ஆனா எட்டு மணி ஆயிரும். அதான் யோசிக்கறேன். சனிக்கிழமை ராத்திரி உங்க வீட்ல சமையலுக்குக் கஷ்டமாயிருமே லக்ஷ்மி?"

ஸ்ரீலக்ஷ்மி கணவரைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன கஷ்டம்?" என்று சிரித்தார் ஹனீஃபா. "அதான் நம்ம ராமானுஜம் இருக்காரே."

டெபுடி மேனேஜர் அவர். ராமானுஜம் லீவு மனு கொடுத்தால் அதில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்.

"அதான்," என்றார் ராமானுஜம். குரல் எங்கிருந்தோ வந்தது. "அதான் நான் இருக்கேனே."

"பலகையில யார் பேரைப் போடட்டும் அண்ணா? கண்டுபிடிச்சவர் நீங்க."

"அவ பேரே இருக்கட்டும்." பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது. கையை லேசாக வீசிக்கூடக் காட்டினார். "முழுசாப் போடுங்கோ. ஸ்ரீலக்ஷ்மின்னு."

அவளுடைய பேரை அவளுக்கே தானம் செய்தார் அவர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தார் அவர். மேஜையில் ஒரு சிப்ஸ் மிச்சம் இருந்தது. அன்வரி பேகம் அதை எடுத்து இரண்டாக ஒடித்து ஒரு பாதியை ஸ்ரீலக்ஷ்மியிடம் கொடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் மென்றார்கள். நல்ல சத்தம் வந்தது.

அந்த வாரம் ராமானுஜம் ஆபீஸில் ஒரு வீரரைப் போல் நடந்தார். மீனாட்சி தன் வீட்டுக்காரரை அவரிடம் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். புதன்கிழமைக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்செல்லாம் ஓர் இனிய மங்கலாகிவிட்டது அவருக்கு. விருந்தாளிகள் முன்னால் ஆயிரம் பேசுவார்கள். சனிக்கிழமை என்பது வெகு தூரத்தில், அடையாற்று முகத்துவாரத்துக்கு அப்பால் எங்கோ இருக்கும் ஒரு கிழமை.

அது வந்துவிட்டது. மூன்றே முக்கால். ராமானுஜம் ஈஸிசேரில் இருந்தார். கடல் காற்று வந்தது. அவர் காபி வரும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு, ஃபிங்கர் சிப்ஸால் கட்டிய ஒரு தெப்பத்தில் மயிலாப்பூர்த் திருக்குளத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் தயிர்ச் சட்னி மாதிரி வெளிர்பச்சையாக இருந்தது.

தெப்பம் மூன்றாவது சுற்று வரும்போது மொடமொடவென்று கஞ்சி போட்ட புடவைச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். ஸ்ரீலக்ஷ்மி நீலக் காட்டன் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை. பையில் நோட்டு, வேஷ்டித் துணி, இரண்டு கிலோ ஊட்டி உருளை. கீழே கார் ஒரு தடவை ஹார்ன் அடித்தது. ஹனீஃபா மாடி ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார். முன்சீட்டில் அன்வரி பேகம். பின்சீட்டு ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருந்த பலகையில், வெள்ளைப் பெயிண்ட் இன்னும் பளபளக்க, 'ஓவன் சமையல் – ஸ்ரீலக்ஷ்மி' என்று இருந்தது. மாடியிலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து.

"வரேன்னா," என்றாள் அவள்.

ராமானுஜம் இன்னும் பாதி தெப்பத்தில்தான் இருந்தார். மாசியில் கேட்டது, பங்குனியில் கேட்டது, பழக்கத்தில் தானாகவே வாயில் வந்தது.

"நீ போயிட்டா ராத்திரி சமையல் யார் பண்றது?"

ஸ்ரீலக்ஷ்மி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலை மாட்டினாள். மறு காலையும் மாட்டினாள். குடையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் திரும்பி, நான்கு மாதமாகப் பாக்கி நின்ற பதிலைச் சொன்னாள்.

"நீங்கதான்."